முப்பத்திரண்டு பக்க வீராங்கனை

படப் புத்தகம் என்றால் முப்பத்திரண்டு பக்கம் இருக்க வேண்டும், ஐயா. அச்சகத்துக் கணக்கு அது. ஒரு பக்கம் குறைந்தாலும் முகம் சுளிப்பார்கள். என் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

நான் குழந்தைகளுக்கு எழுதுகிறவன். சின்ன வயதிலேயே துணிந்து போராடியவர்களின் வாழ்க்கைக் கதைகள். பக்கத்துக்கு மூன்று வரி, மிச்சமெல்லாம் படம். பதினொரு புத்தகம் வந்தாயிற்று. பன்னிரண்டாவதுக்கு நான் அலையவே வேண்டியிருக்கவில்லை, என் அக்கா மகளே அகப்பட்டாள். பத்து வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். எங்கள் தெரு நூலகத்தை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் ஓவியரும் அன்றைக்கே வேலையைத் தொடங்கினோம்.

வாண்டு நகராட்சிக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினாள். பத்தாம் நாள் பதில் வந்தது, மூடவில்லை என்று. தெருவே சந்தோஷப்பட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதை பன்னிரண்டாம் பக்கத்தோடு முடிந்துபோயிருந்தது.

ஓவியரோ நடுப்பக்கத்தை முதலில் வரைகிற ஆள். கறுத்த வானம், கலைந்த தலை, நெஞ்சோடு புத்தகங்களை அணைத்தபடி வாண்டு. எல்லாம் தயார். பதிப்பாளர் அம்மா ஃபோனில் பிடித்துக்கொண்டார்.

"ஒரு லெட்டர்ல முடிஞ்சுபோச்சுன்னா அது வீரக் கதையா, தபால் கதையா? போராட்டம் எங்கங்க?"

நியாயமான கேள்விதானே? நூலகத்தை மூடச் சொல்லி நானே பெயர் போடாமல் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தேன். பதிலே இல்லை. பெரியவர்கள் எழுதினால் யார் மதிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகம் பூட்டியிருக்கும். இருபது வருட வாசகன் என்று நூலகர் என்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். பழைய செய்தித்தாள் அடுக்கில்தான் தீக்குச்சியை வைத்தேன். குழந்தைகள் பகுதி அதை ஒட்டியே இருந்தது. அது கட்டடம் கட்டியவர் செய்த தவறு. என் பதினொரு புத்தகங்களையும் முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஒருவருக்கும் சின்னக் காயம்கூட இல்லை. மறுநாளே வாண்டு வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். ஒரே மாதத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் ஆயிரம் புத்தகம் சேர்த்துவிட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை, விளையாடப் போகவில்லை, பாதியாக இளைத்துவிட்டாள். பக்கங்கள் தாமாக நிரம்பின. எனக்குக் கண் கலங்கியது, ஐயா, பொய் சொல்லவில்லை.

போன வாரம் என் மேசையருகே வந்து நின்றாள்.

"மாமா, அந்தச் சனிக்கிழமை கடைசியா கிளம்புனது நான்தான். ஃபேனை ஆஃப் பண்ணல. அதுலதான் தீப்பிடிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்டா கண்ணு" என்றேன். சொல்லவும் இல்லை. அவள் ஏன் அப்படி ஓடி ஓடிச் சேர்த்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. இருபத்தாறாம் பக்கத்துக்கு ஒரு நல்ல வரியும் கிடைத்தது.

இன்று காலை ஸ்டேஷனுக்கே வந்து, தன்னால்தான் தீப்பிடித்தது என்று உங்களிடம் சொல்லிவிட்டாளாம். நீங்களும் எழுதிக்கொண்டீர்களாம். அக்கா ஃபோனில் அழுதாள். பாதி டீயோடு எழுந்து ஓடி வந்தேன். அட்டையில் 'உண்மைக் கதை' என்று அச்சாகிவிட்டது, ஐயா. அதில் பொய் கலக்க நான் விடமாட்டேன். தீ வைத்தது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியீட்டு விழா வியாழக்கிழமை. வாண்டுவிடம் இதை வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். மேடையில் அவள் முகத்தில் அந்த வாட்டம் இருந்தால் படத்தோடு பொருந்தும். குழந்தைதானே, இன்னும் நாலு நாள் தாங்கிக்கொள்வாள். அவளுடைய தாய்மாமன் நான், எனக்குத் தெரியாதா?