அண்ணி திறந்த பக்கங்கள்

எங்கள் வீட்டு லேப்டாப்பில் இரண்டு பிரவுசர்கள் இருந்தன. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், மேடம். ஒன்றில் அண்ணி வேலை பார்ப்பார். இன்னொன்று சும்மா கிடந்தது. அதில் எனக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்து, டைப்பிங் பழகச் சொன்னார்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் ஒரு பொருளின் விலை கேட்கக்கூட எனக்கு வாய் வராது. லால்குடியிலிருந்து திருவானைக்காவலுக்குக் கல்யாணமாகி வந்த பிரேமலதா அண்ணிதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தார். தில்லைநகர் ஆடிட்டர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்துவந்தார். அண்ணன் பூவரசன் பட்டறையிலிருந்து வந்ததும் அண்ணியின் போனையும் லேப்டாப்பையும் வாங்கிப் பார்ப்பான். அதற்குள் அண்ணி தன் பிரவுசரில் பார்த்ததையெல்லாம் அழித்துவிடுவார். என்னுடையதை அண்ணன் திறப்பதில்லை.

நான் செய்தது சின்ன வேலை. செட்டிங்ஸுக்குப் போய், எந்த லிங்க்கைத் தொட்டாலும் என் பிரவுசரில் திறக்கும்படி மாற்றினேன். அதே கணக்கு என் போனிலும் இருந்தது. அண்ணி அப்படித் திறக்கும் பக்கமெல்லாம் என் போனிலும் வந்து நிற்கும். பாஸ்வேர்டு எதையும் நான் திருடவில்லை.

"ஜோதி, மெயில்ல லிங்க்கைத் தொட்டா உன்னோடதுல போய்த் திறக்குது, பாரேன்" என்றார் அண்ணி.

"அப்டேட் ஆயிருக்கும் அண்ணி."

"அடேங்கப்பா, டீச்சர் சொன்னா சரிதாங்க" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அதன்பிறகு கேட்கவில்லை.

ஏன் மாற்றினாய் என்பீர்கள். கொஞ்ச நாளாக அண்ணி என்னிடம் பேச்சைக் குறைத்திருந்தார். என்ன நினைக்கிறார் என்று தெரிந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. பாசம்தான். முன்பெல்லாம் அண்ணனுக்குக் கோபம் வந்தால் பெல்ட் என் முதுகில் விழும். அண்ணி வந்தபிறகு அவன் என்னைத் தொட்டதே இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

என் போனில் முதலில் வந்தது கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ பக்கம். அடுத்து அங்கேயே ஒரு பெண்கள் விடுதி. அதை நானும் திறந்து பார்த்தேன். இருவர் தங்கும் அறையும் இருந்தது. அண்ணி பார்த்திருந்தது ஒருவர் தங்கும் அறை. அந்தப் பக்கத்தை நான் நெடுநேரம் மூடவில்லை. அப்புறம் ரயில் டிக்கெட். மறுநாள் காலை வண்டி.

அண்ணனுக்குத் தோசை வைக்கும்போது கேட்டேன்.

"அண்ணி நாளைக்குக் கோயம்புத்தூர் போறாங்களாண்ணே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. சும்மா கேட்டேன்."

"இன்னொரு தோசை வை" என்றான்.

காலையில் பட்டறைக்குக் கிளம்பியவன் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தான். அண்ணி பையோடு வாசலில் ஆட்டோவுக்கு நின்றிருந்தார். உள்ளே தள்ளி, கிரில் கேட்டை இழுத்துச் சாத்தினான். அண்ணியின் வலது கை நடுவில் இருந்தது. இன்னொரு முறையும் சாத்தினான். "ஜோதி, இங்க வாயேன், ஜோதி" என்று அண்ணி கூப்பிட்டார். நான் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். நைசாகும்வரை நிறுத்தவில்லை.

அண்ணி வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீஸுக்குப் போன் செய்ததால் நீங்கள் வந்தீர்கள். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணியிடம் கேட்டீர்கள். தெரியவில்லை என்றார். அது உண்மை. என்னிடம் நீங்கள் கேட்கவே இல்லை. பார்த்தது நான், சொன்னதும் நான். சொன்னால் அண்ணன் என்ன செய்வான் என்று இந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

அண்ணியின் விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடிட்டர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். லேப்டாப்பை அண்ணன் விற்றுவிட்டான். அதனால் ஒன்றும் குறைவில்லை, மேடம். சோறு நான் ஊட்டுகிறேன், தலை நான் வாரிவிடுகிறேன். முன்பைவிட இப்போதுதான் நாங்கள் நெருக்கமாக இருக்கிறோம். பக்கத்தில் படுத்து மேலே கை போட்டால் மட்டும் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஃபேன் காற்று அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.