கை எலும்பின் வயது

— தம்பி, அந்தக் கைப் படம் எடுக்கிறதை மட்டும் நிப்பாட்டேலாதோ? மிச்சமெல்லாம் அளந்துகொள்ளுங்கோ.

— மரியரட்ணம் சார், பயப்படாதீங்க. சும்மா ஒரு எக்ஸ்ரே. உங்க பையன் கிறிஸ்டியன் உள்ள போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு. படம் எடுத்ததும் நேரா என் லேப்டாப்புக்கு வந்துடும். எலும்பைப் பாத்து என் சாஃப்ட்வேர் வயசு சொல்லும்.

— வயசு பாஸ்போட்டில கிடக்குதே.

— பாஸ்போர்ட் வெறும் பேப்பர் சார். எலும்பு டேட்டா.

— வாசுதேவன் தம்பி, நீங்கள் மியூனிக்கில இருந்து ரெயின் பிடிச்சு வந்திருக்கிறியள். படிச்ச மனுசன். சொன்னா விளங்கிக்கொள்ளுவியள். படம் வேண்டாம்.

— சார், இந்த பேஸ்பால் அகாடமி வருஷத்துக்கு ஆறே பேரைத்தான் எடுக்குது. இன்னைக்கு பெர்லின்ல நாப்பது பசங்க பந்து எறிஞ்சாங்க. உங்க பையன் எறிஞ்சது மணிக்கு நூத்தி இருபத்தெட்டு கிலோமீட்டர்! பதினஞ்சு வயசுல! வேகம் அளக்குற மெஷின் கெட்டுப் போச்சோன்னு ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன்.

— கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோவன். நூற்றிப்பத்து எண்டு.

— என்ன சார் இது? மத்த அப்பாக்கள் எல்லாம் கூட்டிப் போடச் சொல்லி என் கால்ல விழறாங்க.

— நானும் விழுறன். அவனை எடுக்காமல் விடுங்கோ.

— முடியவே முடியாது. 'பத்து வருஷத்துக்கு ஒருத்தன்'னு மேல மெயில் போட்டுட்டேன். பந்து சுத்துற சுத்து, தோள் திரும்புற கோணம், கால் தூக்குற நேரம், எல்லாம் சேத்து நூத்துக்குத் தொண்ணூத்தாறு. அந்த மார்க் போடுற முறையே நான் கண்டுபிடிச்சது, தெரியுமா?

— கெட்டிக்காரன்தான். நான் பத்து வருசமா இஞ்ச நொய்கெல்னில ரெஸ்ரோறண்ட் சட்டி கழுவுறன். என்ர தோள் கோணத்தை ஒருத்தரும் வந்து அளக்கேல்லை.

— ஜோக் அடிக்காதீங்க சார். எதுக்கு இவ்வளவு பயம்? கதிர்வீச்சா? நீங்க ஒரு தடவை பிளைட்ல போனாலே அதைவிட ஜாஸ்தி.

— பிளைட்டால வந்த வினைதானே தம்பி.

— புரியல.

— அந்தக் கதவைச் சாத்துங்கோ. நாலு வருசத்துக்கு முந்தித்தான் என்ர மனிசி பிறேமாவும் அவனும் இஞ்ச வந்தவை. கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில பிள்ளைக்குப் பதினொரு வயசு எண்டு எழுதுவிச்சுப்போட்டான். பன்னிரண்டுக்குக் கீழ எண்டா பிளேனில சின்னப்பிள்ளை ரிக்கற். விலை குறைவு. எங்களிட்ட முழு ரிக்கற் காசுதான் வாங்கினவன்.

— உண்மையில அப்ப அவனுக்கு எவ்வளவு?

— பதின்மூண்டு.

— அப்போ இப்ப பதினேழா?

— ஓம். இஞ்ச வந்து இறங்கின உடனை பாஸ்போட்டைப் பாத்து அப்பிடியே பதிஞ்சுபோட்டினம். பள்ளிக்கூடத்திலயும் ரெண்டு வகுப்புக் கீழ விட்டினம். ஒவ்வொரு நாளும் மீசையை வழிச்சுப்போட்டுத்தான் அனுப்புறம்.

— சார்! பதினேழு வயசுக்கு நூத்தி இருபத்தெட்டு ரொம்பச் சாதாரணம் சார்!

— அதைத்தானே அப்ப தொடக்கம் சொல்லுறன். அவன் சாதாரணப் பெடியன். விட்டுடுங்கோ.

— ஐயோ, நான் போட்ட மெயில்!

— உங்களுக்கு மெயில். எங்களுக்கு விசா. வயசு பிழை எண்டு உங்கட ஆக்கள் ஒரு கடிதம் எழுதினாக் காணும். மூண்டு பேரின்ர பைலையும் திறந்து வைச்சுக்கொண்டு இருப்பினம்.

— எழுதுவாங்க சார். அகாடமி ஃபார்ம்லயே இருக்கு. கீழ நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— ஜேர்மன் பேப்பர் எண்டா நான் வாசிக்கிறேல்லை. வாசிச்சாலும் விளங்காது, கையெழுத்து வைக்காட்டியும் விடமாட்டினம்.

— சரி, ஒண்ணு செய்வோம். அவங்க கடிதம் எழுதறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வக்கீலைக் கூட்டிட்டுப் போய் உண்மையைச் சொல்லிடுங்க. என் சாஃப்ட்வேரும் பதினேழுன்னுதான் சொல்லும். பிரிண்ட் எடுத்து நானே தரேன். சாட்சிக்கு சாட்சியாச்சு.

— மெய்யே? மெசின் பதினேழு எண்டு சொல்லுமோ?

— அது சொல்ற வயசு ஆறு மாசத்துக்கு மேல முன்னப்பின்ன ஆனதே இல்ல. நான் எழுதினது சார்.

— நாலு வருசமா நித்திரை இல்லைத் தம்பி. பிறேமா ஒரே அழுகை, சொல்லிப்போடுவம், சொல்லிப்போடுவம் எண்டு. நான்தான் வாயைப் பொத்தினனான். உங்கட பேப்பர் கையில இருந்தாத் துணிஞ்சு போவன். திங்கக்கிழமையே வக்கீலைச் சந்திக்க ஒரு தெர்மீன், நேரம் குறிச்சு எடுக்கிறன்.

— இருங்க, படம் வந்துடுச்சு. ஓடுது... ஓடுது...

— என்ன தம்பி, எத்தினை எண்டு காட்டுது?

— பத்தொன்பது.

— என்னது?

— பத்தொன்பது வயசுன்னு காட்டுது. எலும்பு வளர்ற இடைவெளி முழுசா மூடியிருக்கு. ஏன் சார், என்கிட்டயே இன்னும் ரெண்டு வருஷத்தை மறைக்கிறீங்களே!

— மாதாவே! நான் பெத்த பிள்ளை தம்பி. பதினேழு!

— முதல்ல பதினஞ்சு. இப்ப பதினேழு. நீங்க மாத்தி மாத்திச் சொல்லுவீங்க, எலும்பு மாத்திச் சொல்லாது. ரிசல்ட் அகாடமிக்கும் தானாவே போயிடுச்சு. இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

— தம்பி, எனக்கும் பிறேமாவுக்கும் கலியாணம் முடிஞ்சே பதினெட்டு வருசம்தான்.