ஒரு கட்டைச் சுருதியில் அரசாண்டவருக்கு

ஆழ்ந்த குரலால் அரங்கை ஆண்டவரே! மயிலிட்டிக் கடற்கரை தந்த மன்னவரே! கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகின்ற குணவாளரே! வடகரை இசை நாடக மன்றத்தின் மூத்த பாடகர் பரமலிங்கம் அண்ணையே! மேடையை விட்டு விடைபெறும் உங்களுக்கு, மன்றத்தார் எல்லோருடைய அன்பு வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில், இடம்பெயர்ந்து கொக்குவிலில் இருந்த காலத்தில், எங்களோடு சேர்ந்தீர்கள். அரசன் வேடம் வேண்டுமென்று அன்றே கேட்டீர்கள். அரசன் என்றால் ஐந்து கட்டை என்னும் உச்சச் சுருதியில் பாடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உங்கள் குரலோ தாழ்ந்த சுருதியான ஒரு கட்டைக்குரியது. ஆகவே ஈட்டியைத் தந்து வாயிற்காவலனாக நிறுத்தினோம். பன்னிரண்டு ஆண்டுகள் நின்றீர்கள். அரசனுடைய பாட்டு ஒவ்வொன்றுக்கும் உங்கள் உதடு அசைந்ததை நாங்கள் கண்டும் காணாதது போல் இருந்தோம். அந்தக் குற்றத்தை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாயிரத்து நான்கில் கொக்குவில் மண்டபத்தில் பகல் நாடகம். அரசனாக நடிக்கும் பிரகாஸ் முதல்நாள் மூன்று ஐஸ்கிறீம் குடித்துத் தொண்டை அடைத்துப்போய் வந்தார். கிரீடம் உங்கள் தலைக்கு வந்தது. வழக்கப்படி திரைக்குப் பின்னால் நின்று வரவுப் பாட்டைத் தொடங்கினீர்கள். ஆர்மோனியக்காரர் தியாகலிங்கம் அண்ணையின் விரல் பழக்கத்தில் ஐந்து கட்டைக்கே போய்விட்டது. முதல் அடியிலேயே உங்கள் குரல் உடைந்தது; சபை சிரித்தது. அப்போது ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து பேசினீர்கள்.

"தியாகலிங்கம் அண்ணை, கீழை இறங்கி வாங்கோ. நான் உங்கை ஏறமாட்டன்."

"ராசா எண்டா உச்சத்திலைதான் பாடோணும்!"

"அப்ப நீங்களே கிரீடத்தைப் போடுங்கோ, நான் பெட்டியை வாசிக்கிறன்!"

மேடையில் அரசி வேடத்தில் அரியணையில் அமர்ந்து அரசனுக்காகக் காத்திருந்த நாகேஸ்வரி அக்கா பொறுமை இழந்தார். "உங்கடை சண்டை முடியிறதுக்குள்ளை நான் கிழவியாகிப் போவன். ஆராவது ஒரு ராசா வாங்கோப்பா!"

சபை இதையும் நாடகமென்று நினைத்துக் கைதட்டியது. தியாகலிங்கம் அண்ணை முணுமுணுத்துக்கொண்டே சுருதியை ஒரு கட்டைக்கு இறக்கினார். நீங்கள் பாடினீர்கள். சிரித்த சபை அடங்கியது. திரை விலகியபோது, காவலனாக நாங்கள் கண்டு பழகிய மனிதர் அங்கே இல்லை.

அன்றிலிருந்து இருபத்தோராண்டுகள் நீங்களே எங்கள் அரசர். உடுப்பிட்டியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும், ஊர் திரும்பியபின் மயிலிட்டிக் கோயில் முன்றலிலும் அந்தக் குரல் ஒலித்தது. நாடகம் இல்லாத நாட்களில் கச்சேரி மேடைகளும் உங்களைத் தேடின. சொல் மறந்தால் ஓர் ஆலாபனையால் மூடிவிடும் உங்கள் கெட்டித்தனத்தையும், கிரீடத்தை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வரும் எளிமையையும் எப்படி மறப்போம்! ஒருநாள் அதைக் கண்டு நாங்கள் உங்களை 'ராசா' என்று வணங்கியபோது, உங்கள் துணைவியார் இரத்தினம்மா அக்கா சொன்னார்: "உங்களுக்குத்தான் ராசா. எங்கடை வீட்டிலை உவர் இப்பவும் வாசற்காவல்தான்!"

அண்ணையே, அடுத்த நாடகத்தில் எங்கள் இளம் பாடகர் லோஜன் அரசனாகிறார். சென்ற கிழமை முதல் ஒத்திகை. தியாகலிங்கம் அண்ணை ஆர்மோனியப் பெட்டியைத் திறந்துவிட்டு, விரலை வைக்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உமக்கு எத்தினை கட்டை?"

பன்னிரண்டு ஆண்டுகள் உங்களிடம் நாங்கள் கேட்காத கேள்வி அது. இனி இந்த மன்றத்தில் யார் வந்தாலும் முதலில் அதையே கேட்போம்.

நோயின்றி, குறையின்றி, இரத்தினம்மா அக்காவோடு நூறாண்டு கடந்தும் வாழுங்கள்! முன்வரிசையில் உங்களுக்கொரு கதிரை எப்போதும் இருக்கும். பாட்டுப் பிசகினால் அங்கிருந்தே திட்டுங்கள். உங்கள் சுருதியிலேயே திட்டுங்கள்!

இங்ஙனம்,
உங்கள் குரலைக் கேட்டு வளர்ந்த
வடகரை இசை நாடக மன்றத்தார்,
மயிலிட்டி.