ஒளிந்திருக்கும் ஏற்பாடு

— கதவைத் தாழ் போட்டுட்டியா, தமியானா?

— போட்டேன்.

— எதுக்குப் போட்டே? எடு. வர்றவங்க மரியாதைப்பட்டவங்க, தாழை உடைச்சிக்கிட்டா உள்ள வருவாங்க?

— ஒளிஞ்சிருக்கறவர் அறைக் கதவு திறந்து கிடந்தா நல்லாவா இருக்கு?

— திறக்க வேண்டாம். சாத்தியிருக்கட்டும். தள்ளினா திறக்கணும், அவ்வளவுதான்.

— உங்க அக்கா பாவம், காலையிலேருந்து மாடிக்கும் கீழுக்கும் நடக்கறாங்க. புறாக் கூண்டுப் பக்கத்துல இவனுக்கு என்ன தவம்னு கேக்கறாங்க.

— அவளுக்கு எங்க புரியும்! நம்ம பெரியவங்க எல்லாரும் இப்படி ஓடினவங்கதான். அபூனாவா ஆகச் சொல்லி குருப்பட்டம் தேடி வருதுன்னா, எனக்குத் தகுதியில்லைன்னு ஓடணும். சபை துரத்திப் பிடிச்சி, தூக்கிட்டுப் போய் ஆயர் முன்னாடி நிறுத்தணும். தானாப் போய் நிக்கறவனுக்கு யாரு குடுப்பா? எல்லாம் கர்த்தர் சித்தம். நான் இங்க இருக்கறது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

— கீழ ஃபூல் பயறு விக்கறவருக்குத் தெரிஞ்சிருக்கு. "ரிஃப்கி ஐயா மாடியில இருக்கார், இடது பக்கம் படி"ன்னு கேக்காமலே சொன்னார்.

— யாருக்கும் சொல்லாதேன்னுதானே அவன்கிட்ட சொன்னேன்.

— அதையும் சொன்னார். கோவில்ல மணியடிக்கற பிஷாய்க்கும் தெரியும். மல்லாவி டவுன் டாக்ஸிக்காரருக்கும் தெரியும். என்னைப் பாத்ததும், "சந்துக்குள்ள வண்டி திரும்பாது, பாலத்துலயே இறக்கறேன், ஆயருக்கும் அதேதான்"ன்னார்.

— முன்னேற்பாடு வேணாமா? அவங்க பாட்டுக்கு வேற ஊருக்குப் போய்த் தேடினா?

— போன வெள்ளிக்கிழமை கோவில்ல பிள்ளைங்களுக்கு என்ன பேசினீங்க? நாளைக்கு என்ன ஆகும்னு கணக்குப் போடறவன் கடவுளை நம்பாதவன்னு. என் பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு அழுதுடுச்சி, அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

— கவலை வேற, ஏற்பாடு வேற. எனக்குக் கவலையே கிடையாது.

— நகம் ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கலையே நீங்க.

— அது சின்ன வயசுப் பழக்கம்.

— அபூனாக்கள் மாதிரி இந்தத் தாடி?

— அதான் சொன்னேனே, தோல்ல அரிப்பு. இப்ப எதுக்கு அதெல்லாம்? வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?

— அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். என்னை எப்பக் கேக்கறதா இருந்தீங்க?

— உன்னை என்ன கேக்கணும்?

— அபூனா சம்சாரம் வேலைக்குப் போறது நம்ம ஊர்ல வழக்கமில்ல. பள்ளிக்கூடத்துல என்னைத் தலைமையாசிரியை ஆக்கப்போறாங்க, ஞாபகமிருக்கா?

— இருக்கு. கர்த்தர் காரியம் முன்னாடி அது ஒரு விஷயமா? நீயா வேணாம்னு சொல்லப்போறே? சரி, வந்தாங்களா இல்லையா?

— வந்தாங்க. ஆயரே வந்தார், சபைப் பெரியவங்களோட.

— ஆயரேவா! கேளு, அவங்க இங்க வர்றப்ப நான் அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நிப்பேன். நீ அழணும். ரொம்ப வேண்டாம், அளவா. என்ன சொன்னார்?

— பட்டம் கட்டறதுக்கு முன்னாடி மனைவி சம்மதம் கேக்கணுமாம். உனக்கு இஷ்டமாம்மான்னு கேட்டார். இத்தனை நாள்ல என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

— சரின்னுட்டே.

— வாயைத் திறக்கறேன், வாசல் மணி அடிக்குது. தையல்காரர் சித்ராக்.

— யாரு?

— சித்ராக். கையில பொட்டலம். ஆயரைப் பாத்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்க கையாலயே பிரிங்க சாமி"ன்னு நீட்டிட்டார். உள்ள கறுப்பு அங்கி. உங்க தோள், உங்க உயரம்.

— கர்த்தரே.

— ஆயர் துணியைத் தொட்டுப் பாத்து, நல்ல துணின்னார். எப்பக் குடுத்த வேலைன்னு கேட்டார். சித்ராக்குக்குப் பொய் சொல்ல வராது. நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடின்னார்.

— அதனால என்ன?

— பழைய அபூனா தவறினது பாதி நோன்புலங்க. அங்கிக்கு நீங்க அளவு குடுத்த அன்னைக்கு அவர் நல்லா நடந்துக்கிட்டிருந்தார்.

— அவருக்கு அப்பவே இருமல் இருந்தது.

— இதை ஆயர்கிட்ட சொல்லலாம்னு எனக்குத் தோணலை. அவர் டீயை முழுசாக் குடிச்சார். அப்புறம், கோவில்ல பாடற லபீப் வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டார்.

— லபீப்பா? அவனுக்கு ரெண்டு வாக்கியம் சேர்ந்தாப்பல பேச வராதே!

— வராதுதான். சேதி தெரிஞ்சதும் செருப்புகூட இல்லாம கரும்புக்காட்டுக்குள்ள ஓடிட்டாராம். நாலு பக்கமும் ஆள் போய் வளைச்சிப் பிடிச்சிருக்காங்க. இப்ப கோவில்ல உக்காந்து நிஜமாவே அழறார். நானே பாத்துட்டுத்தான் வர்றேன். அங்கி அவருக்குக் கொஞ்சம் நீளம், சித்ராக் கீழ மடிச்சித் தைக்கறார்.

— என் அங்கியா?

— வேற எதுவும் தயாரா இல்லையே.

— சித்ராக் ஆயுசுல ஒரு துணியையாவது சொன்ன நாள்ல குடுத்திருக்கானா? ஈஸ்டருக்குக் கேட்டா பெந்தெகொஸ்தேக்குத் தருவான். இன்னைக்குன்னு பாத்து, அந்த நேரத்துக்குன்னு பாத்து, நம்ம வாசல்ல வந்து நிக்கறான். தமியானா, இது மனுஷ வேலை இல்ல. இது சாத்தான் வேலை.

— சாத்தானை ஏங்க இழுக்கறீங்க? அங்கிக்கு உள்துணி எந்த நிறம்னு சித்ராக் சம்சாரம் போன மாசம் என்கிட்டத்தான் கேட்டாங்க. ஆயர் வண்டி தெருமுனை திரும்பறதைப் பாத்துட்டு, உடனே கொண்டாங்கன்னு போன் பண்ணினதும் நான்தான்.