கத்துனா படு

மொதல்ல அந்த ரோத்தான வெளிய வச்சிட்டு வா நவமணி. நாயப் பழக்க இங்க பெரம்பு வேல இல்ல. யாரு குடுத்து விட்டது, வீட்டுக்காரரா? அதான பாத்தேன். எல்லாருக்கும் அதுதான் கையில குடுத்து விடுறாங்க. பிளாக்கி வாசல்லயே நிக்கட்டும், கவுத்தப் புடிச்சி இழுக்காத. வரணும்னு தோணுனா வரும்லா.

முத்தம்மா சொல்லித்தான வந்த? என்னென்ன அளந்து விட்டாளோ. நான் நாயி காதுல மந்திரம் ஓதுறேன்னு இந்த புந்தோங் முழுக்க ஒரு பேச்சு ஓடுது. ஒரு மண்ணும் இல்ல. வறுத்த நெத்திலி. தலையக் கிள்ளிட்டு வறுக்கணும், அவ்வளவுதான் என் வித்தை. ஈப்போ டவுன்ல ஒரு சீன டாக்டர் வீட்ல துணி தொவைக்கப் போறேன். அங்க ஒரு ஜெர்மன் நாயி, கன்னுக்குட்டி மாதிரி இருக்கும், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அதுக்கும் நெத்திலிதான்.

சரி, எத்தன நாளு தவண குடுத்திருக்காரு உன் வீட்டுக்காரரு? ஞாயித்துக்கெழமையா. இன்னிக்கு வியாழன். அதுக்குள்ள கடிக்கிறத விடலன்னா கோணியில கட்டி பீடோர்ப் பக்கம் கொண்டு போயி வீசிடுவாராமா? லோரி ஓட்டுறவரு வேற. அப்ப சொன்னாச் செய்வாரு.

அழாத. அழுதா அதுவும் பயந்துக்கும். கேளு, சொல்றேன்.

அடிச்சாலும் நாயி கத்துக்கும், இல்லங்கல. ஆனா நீ நெனைக்கிறத கத்துக்காது. காலைல செருப்பக் கடிச்சிருக்கும். சாயங்காலம் அவரு வந்து செருப்பப் பாத்துட்டு நாலு போடுவாரு. நாயி செருப்ப எப்பவோ மறந்துருச்சு. இந்த ஆளு வீட்டுக்கு வந்தா அடி விழும்னு மட்டும் அதுக்கு வெளங்கும். மறுநா மோட்டார் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில போயி ஒளியும். பாத்தியா, செஞ்ச தப்பு தெரிஞ்சுதான ஒளியுதுன்னு இன்னும் நாலு போடுவாரு. சிரிக்கிற, உங்க வீட்லயும் இதுதான் நடக்குதுன்னு தெரியுது.

நெத்திலி அப்படி இல்ல. நீ கேட்டத அது செஞ்ச அந்த நிமிசமே வாயில போடணும். கோப்பி குடிச்சிட்டு வந்து போட்டா, நீ கோப்பி குடிச்சதுக்குக் குடுக்குறன்னு நெனச்சுக்கும். பத்து தடவ, இருவது தடவ. கோவப்படக் கூடாது. கோவம் வந்தா எந்திரிச்சுப் போயி பாத்திரத்தக் கழுவு.

நான் இத எவங்கிட்டயும் போயிக் கத்துக்கல. தாப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல ரப்பர் பால் வெட்டிக்கிட்டு இருந்தேன். எழுவத்திமூணாம் வருசம் இருக்கும். ஜிம்மின்னு ஒரு நாயி, விடிய முன்னாடியே என்கூட காட்டுக்கு வந்திரும். நான் மரத்துக்கு மரம் வெட்டிக்கிட்டுப் போனா அது வாளிக்குக் காவல். எங்க மண்டோரு, அதான் கங்காணி, பழனியப்பன்னு ஒருத்தரு. வெட்டு ஆழமாப் போச்சா, பட்ட காயமாச்சான்னு பாக்க வருவாரு. மெதுவாப் பேசுறதுன்னா என்னன்னே அந்த மனுசனுக்குத் தெரியாது. அவரு கத்துனதும் ஜிம்மி போயி காச்சட்டையப் புடிச்சிரிச்சு. ரெண்டு தடவ. மூணாவது தடவ கடிச்சா நாயோட நீயும் வெளியன்னுட்டாரு. வேல போனா தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போச்சு, உனக்கே தெரியும்.

அதனால பழக்குனேன். ஆம்பள கத்துனா நீ படுத்துக்கணும், தாடைய தரையில வச்சிக்கிட்டு அசையாம இருக்கணும். படுத்தா நெத்திலி. ஆனா பழக்குறதுக்குக் கத்த ஆள் வேணுமே? வீட்ல எங்காளு சன்னாசி இருந்தாரு. அவருக்கு அது ஒண்ணும் செரமமான வேல இல்ல. தெனமும் சாயங்காலம் அவரு கத்துவாரு, நான் நெத்திலியக் கையில வச்சிருப்பேன். எட்டு நாள்ல படிஞ்சிரிச்சு. சன்னாசிக்கு ஒரே பெரும. கள்ளுக்கடையில போயி தான் கத்துனா நாயி படுக்குதுன்னு சொல்லியிருக்காரு. காட்டுல மண்டோரு கத்துனாரு, ஜிம்மி படுத்திச்சு. பக்கத்துல வந்து இன்னும் ஓங்கிக் கத்திப் பாத்தாரு. தரையோட ஒட்டிக்கிச்சு. வேல தப்பிச்சிச்சு, வீடும் தப்பிச்சிச்சு. அன்னிக்கு எனக்கும் பெரும தாங்கல.

இப்ப உன் கதைக்கு வா. பிளாக்கி யாரக் கடிக்குது? முத்தம்மாவ? கடிக்கல. தபால்காரர? அவரையும் இல்ல. உன் புள்ள வாயில கைய விட்டா? அதுக்கும் சும்மா இருக்கும். அப்ப அவரு ஒருத்தரத்தான். அவரு சாப்புடும்போதா, தூங்கும்போதா? அப்பவும் இல்லன்னா எப்பத்தான் கடிக்குது?

சரி, சொல்ல வேணாம். கைய மறைக்காத, நீ உள்ள வரும்போதே பாத்துட்டேன்.

கீழ பாரு. வந்திரிச்சு. உன் கால் மேலயே ஒக்காந்திருக்கு. மொகம் எந்தப் பக்கம் இருக்கு? வாசப் பக்கம்.

நான் இதப் பழக்கித் தரமாட்டேன் தங்கச்சி. முடியாதுன்னு இல்ல. கெட்டிக்கார நாயி, கண்ணப் பாத்தாத் தெரியுது, ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிருவேன். முடிக்கத்தான் மாட்டேன். பின்னால ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டு வா, நாளைக்கே வா. கோணி வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடி வா. இதையும் கூட்டிக்கிட்டு வா. ஊர் என்னா சொல்லும்னு கேக்காத, ஊரு என்னையும்தான் சொல்லிச்சு.

ஏன்னு கேக்குறியா. எழுவத்தஞ்சுல ஒரு மத்தியானம், மீன் வாங்கி வைக்கலன்னு சன்னாசி கத்திக்கிட்டே வந்தாரு. ஜிம்மி உடனே படுத்திரிச்சு. தாடைய தரையில வச்சி, ஆடாம அசையாம. அவரு என்னைய மிதிக்கிறாரு, அது வால ஆட்டிக்கிட்டு என் கையவே பாத்துக்கிட்டு இருக்கு, எப்பத் தருவேன்னு. எனக்கு அப்ப அஞ்சு மாசம். போனது பொம்பளப் புள்ளன்னு பொறவு தாப்பா ஆஸ்பத்திரில சொன்னாங்க.

நாயி மேல என்ன தப்பு? நான் சொல்லிக் குடுத்ததத்தான அது செஞ்சிச்சு.