பெயர் கேட்டு வழியனுப்பிய பேபி சிஸ்டர் அவர்களுக்கு

அகிலத்தில் பிறந்த அத்தனை உயிர்களும் அழுதுகொண்டே பெறும் ஆதிப் பெயரை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அழாமல் சுமந்த அருந்தகையே, பிரசவ அறையின் பெருவிளக்கே, செம்பூர் கண்ட செவிலித் திலகமே, பேபி நம்பிராஜன் அவர்களே, வணக்கம்.

ஆதிப் பெயர் என்று சொல்லிவிட்டோம். அதே பெயர் பவுடர் டப்பாவின் மேலும் இருக்கிறது, பிஞ்சு மக்காச்சோளத்துக்கும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "டிரிப் தீரப்போவுது, பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து வார்டுக்குப் போய்விடுவது தங்கள் வழக்கம். ஆகவே வணக்கத்தைத் தங்களுக்கு வைத்துவிட்டு, மற்றதை அவையோர் பக்கம் திரும்பிச் சொல்கிறோம். தாங்கள் கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தால் போதும்.

அவையோரே, எங்கள் சிஸ்டரின் பெயரைச் சூடிக்கொள்ளாத துறை இந்த நாட்டில் இல்லை. படத்துக்குத் தலைப்பாக வந்தது. பாட்டுக்குப் பல்லவியாக வந்தது. சொல் கிடைக்காத மெட்டையெல்லாம் அடைக்கும் பஞ்சாகவும் வந்தது. ஐந்து வயதில் திரையில் அழுத குழந்தை நட்சத்திரங்கள் அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, பிள்ளை பெற்ற பிறகும் பிய்த்தெறிய முடியாமல் திரிந்தார்கள். தொடரில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணுக்கு அதுதான் பெயர். பேய்ப் படத்தில் தானாகக் கண்ணைத் திறக்கும் பொம்மைக்கும் அதுதான். தாராவியில் அந்தப் பெயரில் பியூட்டி பார்லர் உண்டு, கவரிங் கடை உண்டு. செம்பூர் ரிக்‌ஷாவின் முதுகில் இதயப் படத்துக்குள் உண்டு. கணபதி ஊர்வலத்தில் டிஜேக்காரர் அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கூவாத வருடம் இல்லை. இத்தனை பேர் இத்தனை ஆசையாகக் கூப்பிட்டதில், ஒருவராவது அவரை நினைத்துக் கூப்பிட்டார் என்று சொல்வதற்கில்லை.

வார்டில் எந்தப் புதுத் தகப்பனின் செல்போனாவது அந்தப் பாட்டைப் பாடும். "சிஸ்டர், ஒங்களத்தான் கூப்புடுது" என்று கட்டிலுக்குக் கட்டில் சிரிப்பார்கள். "எடுத்துப் பேசு, ஒன் மாமியாரா இருக்கும்" என்பார் சிஸ்டர், ஊசியை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே.

அப்பெயர் அவருக்கு வந்த வரலாறு வீர வரலாறு அல்ல. தாராவியில் நம்பிராஜன், பேராச்சி தம்பதிக்கு மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தது. அக்காமார் மூவருக்கும் ஊர் அம்மன்களின் பெயர்களைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். நான்காவதுக்கு "பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் தகப்பனார். பிறகு அவர் பார்க்கவேயில்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது பெயர் கேட்டார்கள். வீட்டில் கூப்பிடுவதைச் சொன்னார். மராத்தி எழுத்தர் எழுதிக்கொண்டார். அந்தத் தகப்பனார் காலமானபோது தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பேனரில், அச்சடித்தவர் இந்தப் பெயரைக் கண்டு ஏதோ சின்னப் பிள்ளை என்று எண்ணி, பேத்திகள் வரிசையில் போட்டுவிட்டார். காரியம் முடியும்வரை அந்தப் பேனருக்குக் கீழே நடந்துதான் சிஸ்டர் டூட்டிக்கு வந்து போனார். 

எங்கள் பிரசவ இல்லத்தில் பிறக்கும் குழந்தையின் கையில் ஒரு பட்டை கட்டுவோம். இன்னாரின் பேபி என்று தாயின் பெயரைப் போட்டு எழுதுவது வழக்கம். தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்பும் நாளில், பட்டையை வெட்டும் கத்தரிக்கோலோடு சிஸ்டர் வாசலில் நிற்பார். பெயர் சொன்னால்தான் வெட்டுவார். ஆண் பிள்ளை என்றால் கஷ்டமில்லை, பெயர் இரண்டு மூன்று தயாராக வந்திருக்கும். பெண் என்றால்தான் இழுபறி.

"பன்னெண்டாம் நாளுதான் வைப்போம் சிஸ்டர்."

"அது ஒங்க சனத்துக்கு. எனக்கு இப்பச் சொல்லு."

"இன்னும் யோசிக்கல."

"பத்து மாசமா என்னத்தட்டி யோசிச்ச? கொழம்பு என்ன வைக்கன்னா?"

வெளியே டாக்சி ஹாரன் அடிக்கும். கத்தரிக்கோல் அசையாது. மாமியார்கள் முறைத்திருக்கிறார்கள், மாமனார்கள் டிரஸ்டியின் பெயரைச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள். பெயர் வந்த பிறகே பட்டை விழும். இதைக் கண்டிப்பு என்று பாராட்டினோம் நாங்கள். ஆவண ஒழுங்கில் அக்கறை என்று ஆண்டறிக்கையில்கூட எழுதினோம்.

அவருடைய பணிக்காலத்தின் கடைசி வாரத்தில், தாராவி முத்துமாரிக்கு மூன்றாவது பெண் பிறந்தது. கணவர் இசக்கி தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. "பேருக்கு இப்ப என்ன அவசரம், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் சிஸ்டர் கையிலிருந்த டிரேயைக் கீழே வைத்ததை, உடன் டூட்டியிலிருந்த ஜெனிஃபர் சிஸ்டர் பார்த்திருக்கிறார். தம் கத்தரிக்கோலுக்கு இதுதான் கடைசிக் குழந்தை என்பது சிஸ்டருக்குத் தெரியும். அன்றுமுதல் வேலை ஓய்ந்த நேரமெல்லாம் முத்துமாரியின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"ஒனக்குப் பிடிச்ச பேருன்னு ஒண்ணு இருக்கும்லா, அதச் சொல்லு."

"நாஞ் சொன்னா யாரு கேக்கப்போறா சிஸ்டர்."

"நான் கேக்கேம்லா."

வீட்டுக்குப் போவதற்கு முதல்நாள் முத்துமாரி வாயைத் திறந்தாள். வெண்ணிலா. அவ்வளவு மெதுவாகச் சொன்னாளாம். சிஸ்டர் அன்று மாலை டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

அதே மாலையில்தான் பிரிவு உபசாரக் குழு கூடியது. குழுவுக்குத் தலைவர் எங்கள் கணக்கர் மாட்டுங்கா ஹரி. "ஷால், சந்தன மாலையெல்லாம் எல்லாரும்தான் போடறா. காலத்துக்கும் நிக்கற மாதிரி நாம ஒண்ணு பண்ணணும். கடைசியாப் பொறந்த கொழந்தைக்கு சிஸ்டர் பேரையே வெச்சுட்டா என்ன?" என்றார். அவையோரே, எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. கருணையும் கற்பனையும் கைகோத்த கருத்து என்று புகழ்ந்து, ஒருவர் மிச்சமில்லாமல் கை தூக்கினோம். இசக்கியிடம் ஹரியே போய்ப் பேசினார். "அதுக்கென்ன சார், ராசியான கை, ராசியான பேரு. வச்சிக்கிடுதோம்" என்றார் இசக்கி. மகள் பிறந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். மின்சார பில்லைக் கடைசித் தேதி தாண்டாமல் கட்டியறியாத ஹரி, மறுநாள் காலையிலேயே பெயரைச் சேர்த்துப் பிறப்புப் பதிவுக்கு அனுப்பிவிட்டார். முத்துமாரியை யாரும் கேட்கவில்லை. சிஸ்டருக்கும் சொல்லவில்லை, திடீர் மகிழ்ச்சி கொடுக்க வேண்டுமல்லவா.

கிளம்பும் நேரம் வந்தது. சிஸ்டர் வாசலில் கத்தரிக்கோலோடு நின்றார். நாங்கள் செல்போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். "எம்மா, பேரச் சொல்லு" என்று முத்துமாரியைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். இசக்கி முந்திக்கொண்டார்.

"ஒங்க பேருதான் சிஸ்டர். பேபின்னே வச்சாச்சு. பதிஞ்சும் ஆச்சு."

நாங்கள் கை தட்டினோம். முத்துமாரி தரையைப் பார்த்தாள். சிஸ்டர் பட்டையில் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார். பிறகு வெட்டினார். "நல்லா இரு தாயி" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். வீடியோவுக்கு ஆனந்தக் கண்ணீர் என்று ஹரி தலைப்பு வைத்தார்.

ஜெனிஃபர் சிஸ்டர் மட்டும் அவர் பின்னாலேயே உடை மாற்றும் அறைக்குப் போனார். "என்னக்கா, எவ்ளோ பெரிய கௌரவம், இதுக்குப் போயி அழுறீங்க" என்றாராம்.

"இத்தன வருசத்துல ஒரு பொம்பளப் பிள்ளையக்கூட இந்தப் பேரோட வாசல் தாண்ட விடல ஜெனி. நான் போற நேரம் பாத்து ஒண்ணு போயிட்டு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் அம்பது வயசு வரும்லா?"

ஆண்டறிக்கையில் நாங்கள் எழுதிய ஆவண ஒழுங்கு என்னவென்று, ஜெனிஃபர் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

நேற்று ஹரியும் ஜெனிஃபரும் தாராவிக்குப் போனார்கள். பட்டறைக்கு மேலேயே இசக்கியின் வீடு. பெயரை மாற்றிக்கொள்ளலாமே, அதற்கான அலைச்சல் எங்களுடையது என்று ஹரி மெல்ல ஆரம்பித்தார். இசக்கிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்கதான சார் வைக்கச் சொன்னீய. இப்ப நீங்களே வேண்டாங்கிறீய. அந்தப் பேருக்கு என்ன கொறச்சல்?"

என்ன குறைச்சல் என்று சொல்லப் போனால் சிஸ்டரை அல்லவா குறைத்துச் சொல்ல வேண்டும். எதற்கும் ஒரு சொற்பொழிவு கைவசம் வைத்திருக்கும் ஹரி, "டீ நன்னாருக்கு" என்றார். உள்ளே குழந்தை அழுதது. "பேபி, ஏ பேபி, யாரு வந்திருக்கா பாரு" என்று இசக்கி எழுந்து ஓடினார். மகளை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இனி அந்தப் பெயரை அவரிடமிருந்து யாரும் வாங்க முடியாது. டம்ளர்களை எடுக்க வந்த முத்துமாரி, "சிஸ்டர் நல்லா இருக்காவளா?" என்று கேட்டாள்.  நல்லா இருக்கிறார் என்று இருவரும் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சிஸ்டர், இனித் தங்கள் பக்கம் திரும்புகிறோம். முன்பே எழுதி வைத்திருந்த மடலில், பெயருக்கேற்ற பிஞ்சு மனம் படைத்தவரே என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டோம். தங்களை வைத்து நாங்கள் செய்த சிறப்பைத் திரும்ப எடுக்கத்தான் வழி தெரியவில்லை. இனித் தாங்கள் வசிக்கப்போகும் கோபர்கைரனே அக்கா வீட்டு மாடிப்படி தங்கள் முழங்காலுக்கு இரங்கட்டும். காலை லோக்கல் ரயிலுக்கு ஓடாத உறக்கம் கண்களுக்கு வாய்க்கட்டும். கால் வீங்காமல், கண் மங்காமல், எவர் தயவிலும் தங்காமல் தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். கத்தரிக்கோலை ஜெனிஃபர் சிஸ்டர் வாங்கிக்கொண்டார். பெயரை இனித் தாயிடம்தான் கேட்பாராம்.

தலை குனிந்து வணங்கும்
பிரசவ இல்லப் பணியாளர்கள் அனைவரும்,
செம்பூர், மும்பை.

பி.கு.: இன்று எல்லோர் தட்டிலும் வைத்திருக்கும் லட்டு, மகளுக்குப் பெயர் வைத்த சந்தோஷத்துக்கு இசக்கி கொடுத்தனுப்பியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டோம்.