கொட்டுச் சத்தம் கேட்டால்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். அடுத்தவர் பேச்சில் தலையிட்டதில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், இருதயப் பரிசோதனை அறை வாசலில், ஊர்க்கோயில் சாமியாடி ஒருவரும் அவர் மனைவியும் எனக்கும் என் பேத்திக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“சும்மா இருந்தாத்தான்ளா நெஞ்சு தாளம் தப்புது. சாமி வந்தா சரியா அடிக்கும்.”

“அதத்தான் சைக்கிள் மிதிக்க வச்சுப் பாக்கப் போறாவ. பைய மிதிங்க. அங்கன போயிச் சாமியாடிராதீங்க.”

சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

“என்ன சொன்னாவ?”

“நெஞ்சுல மேலறை சுருங்காம வெறுமன நடுங்குதாம். மிதிக்க மிதிக்க ரத்தத்தத் தள்ள முடியலையாம். இனி ஆடுனா உசுருக்கு ஆபத்தாம்.”

“அப்ப இந்தக் கோயில் கொடைக்கு, நீங்க ஆடும்போது உடுத்துத மணி கட்டுன சல்லடத்த உங்க தம்பிகிட்ட குடுத்திருவோம்.”

“குடுத்திரலாம். கொட்டுச் சத்தம் கேட்டா எம்மேல வருமே, அதுகிட்ட யாருளா சொல்ல?”

அந்த அம்மாள் அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

“கொடையன்னைக்கு நாம ஊர்ல இருக்க வேண்டாம்.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏட்டி பேத்தி, நீயும் பக்கத்தில் இருந்து கேட்டாயே, அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறேனா? ஒருக்க வாசி, கேட்போம்.